செத்த குருத்தின் இடத்தைப் பிடித்தது யார்? ஒரு சோளக்காட்டின் ஐந்தரை மாதம்

நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தேன். கீரைத்தண்டை உருவுகிற மாதிரித் தடையே இல்லாமல் கையோடு வந்தது. நல்ல சோளப் பயிரில் குருத்து கிழியுமே தவிர இப்படி வராது. அடிமுனையை மோந்தால் அழுகல் வாடை. நகத்தால் கீறிப் பார்த்தபோது அரிசி மணி நீளத்தில் வெளிர்மஞ்சள் புழு ஒன்று நெளிந்தது.

"ஈயா மாப்ள?" என்றார் வரப்பில் குந்தியிருந்த மாமா.

"ஆமாங்க மாமா. குருத்து ஈ."

"அப்ப ஆட்ட உட்டு மேய்ச்சிரட்டுமா? கெட்ட பயிர வெச்சு என்ன பண்றது?"

வேண்டாங்க என்று அவசரமாகத் தடுத்தேன். அந்த வயதுச் சோளத்தில், அதிலும் அடிபட்ட பின் செடியின் அடியிலிருந்து புதிதாய் வெடிக்கும் கிளையான தூரில், சயனைடு நஞ்சு கூடுதலாக இருக்கும். வாய் நிறைய மேய்ந்த ஆடு நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சுத் திணறி விழுந்துவிடும். சோளம் தன்னைத் தின்ன வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் ஆயுதம் அது. ஆட்டிடம் எடுபடுகிற அந்த ஆயுதம் இந்த ஈயின் புழுவிடம் எடுபடவில்லை.

வயல் இராசிபுரம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரிச் செம்மண். நாலு சால் சோளம், ஒரு சால் துவரை. சோளம் 105 நாளில் அறுவடைக்கு வரும், துவரைக்கு ஆறு மாதம் ஆகும். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஆடி பிறந்து பெய்த முதல் மழையிலேயே விதைத்துவிட்டார்கள். மாமாவுக்கு டிராக்டர் கிடைக்கவில்லை, கிடைத்தபோது ஈரம் இல்லை. ஆடிக் கடைசியில்தான் விதை மண்ணுக்குள் போனது. மூன்று வாரத் தாமதம்.

அந்த மூன்று வாரம் சாதாரணத் தாமதம் இல்லை. குருத்து ஈ முட்டையிலிருந்து ஈயாகி வெளிவர 17 முதல் 21 நாள் ஆகும். ஊரார் வயலில் முன்பே முளைத்திருந்த சோளத்தில் ஒரு தலைமுறை வளர்ந்து, பறக்கத் தயாராக நின்ற நேரத்தில் மாமாவின் பயிர் ஏழு நாள் இளசாக மூன்றாவது நான்காவது இலையை விரித்துக்கொண்டு இருந்தது. ஈக்குப் பிடித்த பருவமே அதுதான். இலையின் அடிப்புறம் நடுநரம்பை ஒட்டி ஒற்றை முட்டை வைக்கும். வெள்ளையாக, சுருட்டு வடிவத்தில் இருக்கும். ஓரிரு நாளில் பொரிந்த புழு இலையுறை வழியே இறங்கி வளர்முனையை அறுத்துவிட்டு, அங்கே அழுகும் திசுவைத் தின்று எட்டுப் பத்து நாளில் கூட்டுப்புழுவாகிவிடும். மேகமூட்டமாக இருந்தால் இதற்குக் கொண்டாட்டம். அந்த ஆவணி முழுக்க வானம் மூடியே கிடந்தது. முளைத்து நாலு வாரம் கடந்த பயிரை அது பெரும்பாலும் சீண்டுவதில்லை, தண்டு தடித்துவிடும். ஆகவே ஈக்கும் பயிருக்கும் நடக்கும் சண்டை மொத்தமே மூன்று வாரம்தான். அதற்குப் பிறகு நடப்பது செடிக்கும் செடிக்குமான சண்டை. இந்தக் குறிப்பின் பொருள் அந்த இரண்டாவது சண்டை.

விதைத்த 24ஆம் நாள் நான் எண்ணியபோது பத்துப் பயிருக்கு மூன்று நடுக்குருத்து காய்ந்து நின்றது. வேளாண்மைத் துறைக் கையேடுகளில் பத்தில் ஒன்று காய்ந்தாலே பொருளாதாரச் சேத நிலை, மருந்து அடி என்று இருக்கும். நாம் அதைத் தாண்டிவிட்டோம். காய்ந்த பிறகு மருந்தடித்தால் செத்த குருத்து பிழைக்கவும் போவதில்லை. மாமா தெளிக்கவில்லை, நானும் தெளிக்கச் சொல்லவில்லை. நாலைந்து நாள் இடைவெளியில் வயலுக்குப் போய்க் கவனிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு குருத்து செத்தால் அந்த இடம் காலியாகிவிடாது. வேர் உயிரோடு இருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது, மேலிருந்து வெயில் விழுகிறது. அந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் நாலு பேர் போட்டி போடுகிறார்கள். முதலாமவர் அதே செடி. அடியிலிருந்து பக்கத்தூர் வெடித்துத் தன் இடத்தைத் தானே மீட்கப் பார்க்கும். இரண்டாமவர் அதே சாலில் அடுத்து நிற்கும் நல்ல சோளம். மூன்றாவது துவரை. நாலாவது, யாரும் விதைக்காமலே வந்து நிற்கும் சாரணையும் கோரையும் பார்த்தீனியமும்.

சாலின் நடுவில் ஓரிடத்தில் வரிசையாக மூன்று செடி, ஒரு சாண் இடைவெளியில். நடுச்செடியின் குருத்து செத்திருந்தது, இரண்டு பக்கத்துச் செடிகளும் நலம். அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வைத்தேன். 28ஆம் நாள் நடுச்செடியில் இரண்டு தூர், விரல் நீளம், இளம்பச்சை. பார்க்க நம்பிக்கையாகவே இருந்தது. 36ஆம் நாள் போனபோது பக்கத்துச் செடிகளின் இலைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து அதன் தலைக்கு மேல் குறுக்காக மடங்கி நிழல் கட்டியிருந்தன. தூர்கள் வெளுத்து, நூல் மாதிரி நீண்டு நின்றன. 50ஆம் நாள் ஒன்று காய்ந்துவிட்டது. இன்னொன்று முழங்கால் உயரம். பக்கத்துச் செடிகள் என் நெஞ்சு உயரம்.

ஈ அந்தச் செடியிடமிருந்து எடுத்தது கொஞ்சம்தான். ஒரு வளர்முனை, பத்து நாள் வளர்ச்சி. அதன் பிறகு போனது அத்தனையும் அண்டை வீட்டார் எடுத்தது. ஒத்த வயதுப் பயிர்களுக்கு நடுவில் பத்து நாள் பின்தங்குவது என்றால் பத்து நாளோடு தீர்கிற சங்கதி இல்லை. உயர்ந்தவர் வெயிலை மறைக்கிறார், மறைக்கப்பட்டவர் மெதுவாக வளர்கிறார், மெதுவாக வளர்வதால் இன்னும் மறைக்கப்படுகிறார். பணம் பணத்தோடு சேரும் என்கிற கணக்கு சோளக்காட்டிலும் செல்லும். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. அந்த இரண்டு அண்டைச் செடிகளின் கதிர்கள் நெருக்கத்தில் நின்ற செடிகளின் கதிர்களைவிடப் பருமனாக இருந்தன. செத்த செடியின் பங்கில் ஒரு பகுதி களஞ்சியத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. இதனால்தான் குருத்து ஈ வரும் பகுதிகளில் கூடுதலாக விதைத்து, களைக்கும்போது காய்ந்த குருத்துச் செடியைப் பிடுங்கிப் போடச் சொல்கிறார்கள். பிடுங்கினால் உள்ளே இருக்கும் புழு ஒழியும், பக்கத்துச் செடிக்கும் தடையில்லாத இடம் கிடைக்கும்.

ஈடுகட்டும் இந்த வேலை சேதம் சிதறிக் கிடந்தால்தான் நடக்கும். மாமா வயலின் வடகிழக்கு மூலையில், முன்விதைப்புக்காரரின் சோளத்தை ஒட்டிய இருபது அடி அகலத்துக்கு, பத்தில் எட்டுச் செடி போய்விட்டது. ஈ அங்கிருந்துதான் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் திட்டில் அண்டை வீட்டாரே இல்லை, ஈடுகட்ட ஆளில்லை. பூச்சிச் சேதத்தை ஏக்கருக்கு இத்தனை சதவீதம் என்று ஒற்றை எண்ணில் எழுதும் வழக்கத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. சிதறிய முப்பது சதவீதமும் ஒரே திட்டாகப் போன முப்பது சதவீதமும் காகிதத்தில் ஒன்று, களத்துமேட்டில் ஒன்றல்ல.

அந்த மூலையைத் துவரைதானே பிடித்திருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். சோளமும் துவரையும் சேர்ந்த ஊடுபயிர் முறையின் தத்துவமே அதுதான். 1972இல் ஐதராபாத் அருகே பட்டான்செருவில் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்ற பன்னாட்டு வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இணையை நுணுகி ஆராய்ந்திருக்கிறது. சோளம் முதல் இரண்டு மாதம் வேகமாக ஏறி வெயிலைப் பிடித்துக்கொள்ளும், துவரை அதன் காலடியில் தவளையாகக் குந்தி இருக்கும். சோளம் அறுத்த பிறகு ஆணிவேரால் ஆழ ஈரத்தை உறிஞ்சித் துவரை எழும்பும். இருவரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் கேட்பதில்லை. அதனால்தான் ஒரே நிலத்தில் தனிச்சோளத்தின் விளைச்சலில் பெரும்பங்கும், தனித்துவரையின் விளைச்சலில் கணிசமான பங்கும் கிடைக்கிறது. உதாரணத்துக்கு, தனிப்பயிரோடு ஒப்பிட்டால் சோளம் 0.9 பங்கு, துவரை 0.7 பங்கு என்றால் கூட்டல் 1.6. அதே விளைச்சலைத் தனித்தனியாக எடுக்க ஒரு ஏக்கருக்குப் பதில் 1.6 ஏக்கர் தேவைப்பட்டிருக்கும். இதை நிலச் சமன் விகிதம் என்பார்கள்.

அந்த ஏற்பாட்டில் துவரையின் பொறுமைதான் பலம். குருத்து ஈ வந்த வருடத்தில் அதே பொறுமை பலவீனமாகிவிட்டது. இடம் காலியானது 15ஆம் நாளுக்கும் 30ஆம் நாளுக்கும் நடுவில். அப்போது துவரை ஒரு சாண் உயரம்கூட இல்லை. கதவு திறந்து கிடந்தபோது உள்ளே வரத் தெம்பு இல்லாதவருக்குக் கதவு திறந்ததால் என்ன லாபம்? வடகிழக்கு மூலைக்குள் முதலில் நுழைந்தது சாரணை. பத்து நாளில் பாய் விரித்தது மாதிரிப் படர்ந்துவிட்டது.

மாமா 33ஆம் நாள் அந்த மூலையின் பாதியை மட்டும் கொத்தி எடுத்தார். மீதிப் பாதிக்கு ஆள் கிடைக்கவில்லை. திட்டமிடாமலே ஒரு ஒப்பீடு கிடைத்தது எனக்கு. கொத்திய பாதியில் துவரை அடியிலிருந்தே கிளை பிரிந்து புதர் கட்டியது. மார்கழியில் நடுத்தண்டு என் கட்டைவிரல் பருமனைத் தாண்டிவிட்டது. கொத்தாத பாதியில் அதே விதை, அதே மண், அதே மழை; ஆனால் சுள்ளி மாதிரி ஒற்றைக் கம்பாக நின்றது. ஆரம்பத்தில் அமுக்கப்பட்டது பின்னால் கிளைக்கவே இல்லை. ஈ துவரையைத் தொடுவதில்லை. ஆனாலும் அந்த மூலையில் துவரை எப்படி வளர வேண்டும் என்பதை முடிவு செய்தது சோளத்தின் ஈயும் அதற்குப் பின்னால் வந்த களையும்தான்.

வயலின் மீதிப் பகுதியில் அடுத்த சிக்கல் ஐப்பசியில் தெரிந்தது. நல்ல செடிகள் 65 நாளில் பூத்துவிட்டன. தப்பிப் பிழைத்த தூர்கள் அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாரத்துக்குக் கதிர் தள்ளிக்கொண்டே இருந்தன. சோளத்தில் பூக்கும் காலம் நீண்டால் கதிர் ஈ பெருகும். அது பூக்கும் சிறுகதிர்களுக்குள் முட்டையிடும். வளரும் சூலைப் புழு உறிஞ்சிவிட, மணி பிடிக்காமல் பொக்காகிவிடும். முதலில் பூத்த கதிர்களில் உருவான ஈக்கள் வெளியே வரும்போது தூரின் கதிர்கள் புதுப்பூவோடு காத்திருந்தன. குருத்து ஈ தள்ளிப்போட்டதைக் கதிர் ஈ வாங்கிக்கொண்டது. அதற்கும் தப்பியதில் ஐப்பசி அடைமழை பூசணம் ஏற்றியது. போட்டியில் ஜெயித்து மேலே வந்த தூருக்கும் பலன் பாதிதான். பக்கத்தூர் வெடிப்பதைப் பார்த்து ஈடுகட்டிவிட்டது என்று மகிழ்கிறவர்கள் கதிர் முற்றும்வரை காத்திருப்பது நல்லது.

சோளக் கதிரில் பச்சைக் காய்ப்புழுவும் இருந்தது. தட்டிப் பார்த்தால் கதிருக்கு ஒன்று இரண்டு விழும். சோளத்துக்கு இது பெரிய விரோதி இல்லை, ஆனால் கதிரில் வளர்ந்த புழு அந்துப்பூச்சியாகும் நேரத்தில் துவரை மொட்டு வைக்கும். சோளத்தோடு வளரும் துவரைக்குச் சோளத்திலுள்ள நன்மை செய்யும் பூச்சிகள் காவல் என்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி சரி. டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி, சோளத்தின் மேல் வைத்த காய்ப்புழு முட்டைகளை நன்றாகவே அழிக்கும். துவரையின் மேல் வைத்த அதே இன முட்டைகளை அது ஏறக்குறையத் தொடுவதே இல்லை. துவரையின் பூ, காய்களின் மேலுள்ள ரோமங்களும் பிசுபிசுப்பும் குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்தக் குளவிக்கு முள்வேலி. இக்ரிசாட் வயல்களில் பார்த்து எழுதி வைத்த செய்தி இது. காவல்காரன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான், இந்த வீட்டுப் படி ஏற மாட்டான்.

கார்த்திகைக் கடைசியில் துவரையின் முதல் பூக்களில் புழு ஏறியது. மாமா பதறினார். நான் அவ்வளவு பதறவில்லை, அதற்குக் காரணம் ஒரு பழைய ஆராய்ச்சி. 1970களில் இக்ரிசாட்டில் தாவர உடலியல் பார்த்த ரூபர்ட் ஷெல்ட்ரேக்கும் சகாக்களும் துவரைச் செடிகளின் பூக்களையும் பிஞ்சுகளையும் வாரக்கணக்கில் கையால் கிள்ளிப் போட்டுப் பார்த்தார்கள். செடி மசியவில்லை. பின்னால் வந்த பூக்களில் காய் பிடித்து விளைச்சலை ஏறக்குறைய மீட்டுவிட்டது. துவரை எப்படியும் தன் பூக்களில் பெரும்பாலானவற்றை உதிர்க்கிற செடி. முதல் பூவைப் புழு தின்றால், உதிர இருந்த பூவில் ஒன்று தங்கிக்கொள்ளும். (இதே ஷெல்ட்ரேக் பின்னாளில் வேறு சில சர்ச்சைக்குரிய கருத்துகளுக்காக உலகப் புகழ் பெற்றார். அந்தக் கருத்துகளைச் சொல்லும் முதல் நூலை எழுத அவர் உட்கார்ந்த இடம் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரை ஆசிரமம். துவரையைப் பற்றி அவர் செய்த வேலையில் எந்தச் சர்ச்சையும் இல்லை.)

ஒரு நிபந்தனை உண்டு. மீண்டும் பூக்க மண்ணில் ஈரம் வேண்டும், செடியில் கிளை வேண்டும். கொத்திய மூலையில் இருந்த புதர்த் துவரை இரண்டாவது முறை பூத்துக் காய்த்தது. சுள்ளித் துவரை முதல் பூவை இழந்ததோடு சரி. மூன்று மாதம் முன்பு சாரணையிடம் தோற்ற செடி புழுவிடமும் தோற்றது.

தையில் கணக்குப் பார்த்தோம். சோளம் வழக்கமாக ஏழு குவிண்டால் வரும் காடு, நாலரைதான் வந்தது. துவரை வழக்கமான ஒன்றரைக்கு அரை கூடுதலாக, இரண்டு குவிண்டால். 2023-24க்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதார விலையை அளவுகோலாக வைத்தால் குவிண்டால் கலப்பினச் சோளம் 3,180 ரூபாய், துவரை 7,000 ரூபாய். சோளத்தில் போனது 7,950. துவரையில் வந்தது 3,500. பாதிக்கும் குறைவாகவே ஈடு. சோளத்தட்டு கட்டுக் குறைந்ததை மாமா தனியாக எண்ணி வருத்தப்பட்டார், அவருக்கு இரண்டு எருமை. ஊடுபயிர் என்பது காப்பீடு என்று சொல்கிறவர்கள், எந்த மாதத்தில் விபத்து நடந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோளம் 60ஆம் நாளில் வறட்சியில் காய்ந்திருந்தால் துவரை இதைவிட நன்றாக ஈடுகட்டியிருக்கும். அடி 20ஆம் நாளில் விழுந்தது.

அண்டைச் செடியைக் கவனித்துத் தேர்வு செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரை ம்பிட்டாவில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே மக்காச்சோளத்துக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச் செடியை வளர்த்தார்கள். அதன் வாடை தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டுகிறது, வயலைச் சுற்றி நட்ட நேப்பியர் புல் அதை இழுத்துக்கொள்கிறது. கூடவே டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு, நம் ஊரில் சுடுமல்லி என்று சோளக்காட்டில் பயப்படும் ஒட்டுண்ணிக் களையையும் அடக்கியது. நம் பக்கத்திலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோளத்தோடு நாலுக்கு ஒன்று மொச்சை போடச் சொல்வது தண்டுத் துளைப்பானைக் குறைக்கத்தான். நம்மவர்கள் காரணம் தெரியாமலே அதைச் செய்துவந்திருக்கிறார்கள்.

அடுத்த ஆடிக்கு மாமா செய்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, டிராக்டருக்கு ஆனியிலேயே முன்பணம். இரண்டாவது கருவாட்டுப் பொறி. ஈரக் கருவாட்டுத்தூளைத் தட்டில் வைத்தால் குருத்து ஈ வாடைக்கு வந்து விழும். ஹெக்டேருக்கு 12 என்று முளைத்தது முதல் முப்பது நாள் வரை வைக்கச் சொல்கிறார்கள். மாமா வயலுக்கு ஏழு போதும். முதல் வாரமே ஊர் நாய்கள் மூன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அதற்குப் பிறகு முக்காலிக் குச்சி நட்டு உயரக் கட்டினார்.

மூன்றாவதை அவராகவே யோசித்தார். விதைப்பன்று பெட்டியில் சோளமும் துவரையும் போக இன்னொரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் தட்டைப்பயறு.

"அது எதுக்குங்க மாமா?"

"வடக்கு மூலைக்கு. தொவர வர்றதுக்குள்ள சாரண வந்துருதில்ல. இது ஒரு மாசத்துல படந்துக்கும். சோளம் நின்னா நிக்கட்டும், போனா இது இருக்கட்டும்."

"சோளம் நின்னுட்டா தட்டப்பயறு அதோட சண்ட போடாதுங்களா?"

"போட்டா கொஞ்சம் கொடியப் புடுங்கி எருமைக்குப் போடறது" என்றபடி பொட்டலத்தை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு மூலையை நோக்கி நடந்தார்.